பத்தாவது பாட்டு

"இபு வினார்ஸி கையெழுத்துப் போட மாட்டாங்களாம் பாக்," என்று சொல்லிக்கொண்டே ராராஸ் என் கடைக்குள் வந்தாள். தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் பெரியவர்களை 'பாக்', 'இபு' என்றுதான் அழைப்போம், ஐயா, அம்மா என்கிற மாதிரி.

இந்தோனேசியாவில் மாலாங் நகரத்துக் கொம்போரான் சந்தையில் என் கடை இருக்கிறது. ஒரு பக்கம் பழைய சைக்கிள் சாமான், மறுபக்கம் துருப்பிடித்த ரம்பம், நடுவில் என்னுடைய இசைத்தட்டுகளும் கேசட்டுகளும்.

"வீட்டுக்காரர் போட்டாரா?"

"பேனாவை நீட்டறதுக்கு முன்னாடியே போட்டுட்டார். ஒரு இடத்துல போடுங்கன்னா மூணு இடத்துல போட்டு வச்சிருக்கார். இபுதான், அந்தப் பத்தாவது பாட்டு இல்லாம தட்டு வரவே கூடாதுங்கறாங்க."

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ராராஸும் அவளுடைய சிநேகிதிகள் இருவரும் பழைய பாப், ராக் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து, பாடியவர்களிடம் முறைப்படி அனுமதி வாங்கி, மறுபடியும் அச்சிட்டு வெளியிடுகிறார்கள். இந்தத் தடவை அவர்கள் எடுத்துக்கொண்டது 'தி வாலாங்ஸ்'. வாலாங் என்றால் எங்கள் ஜாவா மொழியில் வெட்டுக்கிளி. எழுபதுகளின் தொடக்கத்தில் மாலாங்கில் நான்கு பையன்கள் சேர்ந்து நடத்திய குழு அது. கிடார் ஹர்தோயோ. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ரேடியோ உதிரிகளைப் பொருத்தி, கிடார் ஒலியைத் துணி கிழிகிற மாதிரி கிழிய வைத்தவர் அவர். பிடிக்காத குழுவின் மேல் செருப்பை வீசுவது மாலாங் ரசிகர்களின் வழக்கம். வாலாங்ஸ் மேல் ஒரு செருப்புகூட விழுந்ததில்லை என்று ஹர்தோயோ சொல்வார். ஒன்று விழுந்ததாக அவர் மனைவி சொல்வார்.

அவர்கள் போட்டது ஒரே ஒரு தட்டு. அதில் பத்துப் பாட்டு. ஒன்பது காதல் பாட்டு, கம்பெனிக்காரர் கேட்டபடி. பத்தாவதில் மட்டும் உங்கள் இஷ்டம் என்று விட்டார்கள். அதைப் பாடியவர் வினார்ஸி. அப்போது அவர் ஹர்தோயோவுக்கு நிச்சயமான பெண். ஸ்டுடியோவுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டு போனவரை ஒலிவாங்கி முன்னால் நிறுத்திவிட்டார்கள். அரிசி கிடைக்காமல் ஊரெல்லாம் அலைந்த காலம். அரிசிக்கு வரிசையில் நிற்பதைப் பற்றித்தான் அவர் பாடினார்.

தட்டு வெளிவந்த கையோடு, அந்தப் பாட்டு வேண்டாம் என்று அரசாங்க மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஒரு சொல் வந்தது. கடைக்குப் போனதெல்லாம் கேசட்தான். கேசட்டில் பத்தாவது பாட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முதல் காதல் பாட்டையே இரண்டாவது முறையும் போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் அதை இனாம் என்று நினைத்துக்கொண்டார்கள். தட்டாக அச்சானவை ஊர் ஊராக இருந்த தனியார் வானொலிகளுக்குப் போன சில பிரதிகள் மட்டுமே. அங்கேயும் ஒரு வழக்கம் இருந்தது. ஒலிபரப்பக் கூடாத பாட்டை ஆணியால் கீறிவிடுவார்கள். தெரியாத்தனமாகக்கூட யாரும் போட்டுவிடக் கூடாதல்லவா. மூல ஒலிநாடாவைக் கம்பெனியே அழித்து வேறு யாருக்கோ பயன்படுத்திவிட்டது.

ஆக, வினார்ஸி பாடிய ஒரே பாட்டு உலகத்தில் எங்காவது இருந்தால், அது ஆணிக் கீறலுக்கு அடியில்தான் இருந்தது.

"வாங்க பாக், நீங்க சொன்னா கேப்பாங்க," என்றாள் ராராஸ்.

"நான் சொல்லி அவங்க கேட்டதா சரித்திரமே இல்ல," என்றேன். ஆனாலும் போனேன்.

சும்பர்ஸாரியில் அவர்கள் வீடு. மாடி முழுக்கக் கல்லூரிப் பெண்களுக்கு வாடகை அறைகள். வினார்ஸி வாசலில் உட்கார்ந்து சாவிகளுக்கு வண்ண நூல் கட்டிக்கொண்டிருந்தார். என்னை எப்போதும் தம்பி என்கிற உரிமையில் 'டிக்' என்றுதான் கூப்பிடுவார்.

"வா டிக் தர்மாஜி. சமாதானம் பேசத்தானே வந்திருக்கே? மொதல்ல காப்பி குடி. தோக்கறதுக்கும் தெம்பு வேணும்."

ஹர்தோயோ புறாக் கூண்டுக்குப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "நீயாவது எடுத்துச் சொல்லு தர்மாஜி. எனக்கு வயசு எழுவத்தஞ்சு. நெஞ்சுல குழாய் வச்சிருக்காங்க. கண்ணை மூடறதுக்குள்ள அந்தத் தட்டைப் பாக்க வேண்டாமா?"

"குழாய் வச்ச டாக்டர் உங்க புறாவை விட நீங்க கெட்டின்னு சொன்னார். சும்மா பயமுறுத்தாதீங்க," என்றார் வினார்ஸி.

"ஒம்போது பாட்டாவது வரட்டுமே வின்."

"அந்த ஒம்போதையும் கல்யாணமான நாள்லேர்ந்து குளிக்கிற ரூம் கதவு வழியா கேட்டாச்சு. அதுக்கு ஒரு தட்டு வேற வேணுமாக்கும்."

ராராஸ் சிரித்துவிட்டாள். வினார்ஸி சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார்.

"இதப் பாரு பொண்ணே. மேல இருக்கற பொண்ணுங்களுக்கு நான் யாரு? ஒம்போது மணிக்கு கேட்டைப் பூட்டற கிழவி. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா வாலாங்ஸ்னு பேர் போட்டு, அந்தப் பாட்டு மட்டும் இல்லாம ஒரு தட்டு வந்துச்சுன்னு வையி. அப்புறம் அது இல்லவே இல்லன்னு ஆயிடும். கேசட்ல ஒரு தடவ என்னை எடுத்தாங்க. அது அவங்க எடுத்தது. இப்ப எடுத்தா நானே கையெழுத்துப் போட்டு எடுத்த மாதிரி."

ஹர்தோயோ புறாக் கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கொண்டுபோன சமாதானத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

மறுநாளிலிருந்து வேலையை ஆரம்பித்தோம். என் கடையில் ஒரு பிரதி இருந்தது. மாலாங் வானொலி ஒன்று மூடியபோது மூட்டையாக வாங்கியது. உறையில் பத்தாவது பாட்டின் பெயர் மேல் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். தட்டில் அந்தப் பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து நடுவை நோக்கி நேர்கோடாக ஒரு கீறல். ஊசி கெட்டுவிடும் என்று எங்கள் ஊரில் யாரும் கீறிய பாட்டின் மேல் ஊசியை வைப்பதில்லை. நானும் வைத்ததில்லை.

ராராஸ் வைத்தாள். தட்டு ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். சில இடங்களில் ஊசி வேலி தாண்டும் ஆடு மாதிரி தாவியது. இடையிடையே கிடார் கிழிந்து அழுதது. அதற்கும் இடையில் ஒரு பெண் குரல், பாதிப் பாதி வார்த்தையாக.

"ஒரு பிரதி போதாது பாக்," என்றாள். "இன்னொண்ணு கிடைச்சா, அதுல கீறல் வேற பக்கம் இருக்கும். இங்க 'டக்'னு விழற இடத்துல அங்க பாட்டு இருக்கும். ரெண்டையும் தைச்சிடலாம்."

இரண்டாவது பிரதி ப்ளிதார் பக்கம் வ்லிங்கியிலிருந்து வந்தது. நான் பள்ளிக்கூடம் படித்த ஊர் அது. வாரா வாரம் விருப்பப் பாட்டு அட்டை வாங்கி, யாருக்கு எந்தப் பாட்டு என்று அழகாக எழுதி நான் அனுப்பிக்கொண்டிருந்ததும் அங்கிருந்த வானொலி நிலையத்துக்குத்தான். அதன் முதலாளியின் மகன் தட்டுகளைக் கோழிக்கூண்டின் மேல் வெயிலுக்கு அடுக்கியிருந்தார். நல்லவேளை, நம் தட்டு அடியில் இருந்தது.

ராராஸ் இரண்டையும் கணினியில் ஏற்றி, ஒன்றின் கிழிசலை மற்றொன்றின் துணியால் தைத்தாள். பொறுமையான வேலை. முடிந்ததும் வினார்ஸியையும் ஹர்தோயோவையும் அழைத்துவந்து உட்கார வைத்தோம்.

பாட்டு வந்தது. முதலில் பிஸ்கட் டப்பாவின் கரகரப்பு, பிறகு தாளம், பிறகு அந்தக் குரல். வினார்ஸி தன் முக்காட்டின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டார்.

"என்னா திமிரு பாரு இவளுக்கு," என்றார்.

"அந்தத் திமிரப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்," என்றார் ஹர்தோயோ.

"வாய மூடுங்க, கேக்கணும்."

மூன்று சரணம் தெளிவாக ஓடியது. நான்காவதில், 'மழை விட்டுப்போச்சு, வரிசை விடலையே, பானை தூங்குது, அடுப்பும் தூங்குது' என்பதுவரை வந்து, அதற்குமேல் கரகர என்ற இரைச்சல்தான். இரண்டு தட்டிலும் அதே இடம். நேர்கோடு அல்ல, குழந்தை கிறுக்கிய மாதிரி முன்னும் பின்னும் இழுத்த கீறல்.

"இன்னொரு பிரதி தேடலாம்," என்றேன். கெடிரியிலிருந்து மூன்றாவதும் வந்தது. அதிலும் அதே இடம்தான், அதே கிறுக்கல்தான். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எத்தனை பிரதி வந்தாலும் இப்படித்தான் இருக்கும். மேலிடத்துக்குக் கசந்தது அந்தக் கடைசி வரிகள். ஒவ்வொரு ஊரிலும் பாட்டுக்கு ஒரு கோடு போட்ட பிறகு, அந்த இடத்துக்குத் தனியாக ஆணியை அழுத்தியிருக்கிறார்கள்.

"வார்த்தை ஞாபகம் இருக்கா இபு?" என்று கேட்டாள் ராராஸ். "இருந்தா நீங்களே இப்பப் பாடிடலாம். அந்த இடத்துல மட்டும்."

வினார்ஸி உதட்டைப் பிதுக்கினார். "இல்ல. அது எழுதி வச்சுப் பாடினது இல்ல. மூணு சரணம்தான் இருந்துச்சு. நாடா இன்னும் மிச்சம் இருக்குன்னு கண்ணாடிக்குப் பின்னால இருந்தவர் விரலைச் சுத்திக் காட்டினார். வாயில வந்ததப் பாடினேன். அப்புறம் மேடையில பாடவே விடல."

"உங்களுக்கு?" என்று ஹர்தோயோவைக் கேட்டேன்.

"நான் டப்பாவ மிதிச்சுக்கிட்டிருந்தேன். காதுல என் சத்தம்தான் இருந்துச்சு."

"என்னைக்கு இல்ல?" என்றார் வினார்ஸி.

"புதுசா ரெண்டு வரி போட்டாப் போச்சு வின். நானே எழுதித் தரேன். காதலாக் கலந்து விடலாம்."

"ஒம்போது பாட்டுல தீராத காதலா? வேண்டாம். அன்னைக்குச் சொன்னது எதுவோ அதுதான் வேணும். புதுசா போட்டா, அவங்க சுரண்டினத நான் வெள்ளையடிச்சுக் குடுத்த மாதிரி." எழுந்து, "விடு பொண்ணே. உன் பாடு வீணாப் போச்சு," என்று ராராஸின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கடையில் உட்கார்ந்து வ்லிங்கித் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிறுக்கல் சரியாக அந்த வரிகளில் தொடங்கி, அவை முடிகிற இடத்தில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு வரும் கிடார் மேல் கிறுக்கல் படவில்லை. இவ்வளவு சரியாக நிறுத்த வேண்டுமென்றால், ஆணி பிடித்தவன் பாட்டை முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் போதாது. அந்த நிலையத்தில் இரண்டே பேர். முதலாளி இறந்துவிட்டார். மற்றவர் அறிவிப்பாளர் கஸ்முரி. நான் எழுதிய அட்டைகளைப் படித்த குரல்.

விசாரித்தேன். உயிரோடு இருந்தார். வ்லிங்கிக்கு வெளியே கோய் என்கிற வண்ண மீன் வளர்க்கிறார் என்றார்கள்.

"நானும் வரேன்," என்றார் வினார்ஸி.

"எதுக்கு இபு, நாங்க போய்க் கேட்டுட்டு வரோம்."

"என் பாட்டுல ஆணி அடிச்ச ஆளு. நான் பாக்க வேண்டாமா?"

ரயிலில் போனோம். வினார்ஸி மடியில் டெம்பே என்கிற சோயா வறுவல் பொட்டலம். திட்டப் போகிற இடத்துக்கும் வெறுங்கையோடு போக அவருக்கு வராது.

கஸ்முரி பனியனும் கைலியுமாக மீன் தொட்டிக் கரையில் நின்றிருந்தார். என் பெயரைச் சொல்லி, அந்தக் காலத்தில் அட்டை அனுப்பிய பையன் என்றதும் முகம் மலர்ந்தது. வாலாங்ஸ் என்றதும் மலர்ச்சி போய், 'மாஸ்' என்கிற மரியாதைச் சொல் வந்தது.

"எத்தனையோ பாட்டு போட்டோம் மாஸ். எது ஞாபகம் இருக்கு?"

"கடைசிப் பாட்டு பாக். அரிசி வரிசைப் பாட்டு."

அவர் வாசல் கேட்டைப் பார்த்தார். அங்கே ஒரு பூனைதான் இருந்தது. "அதெல்லாம் இப்ப எதுக்கு?"

வினார்ஸி முன்னால் வந்தார். "அதப் பாடினது நான்தான்."

கஸ்முரி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டார் என்றே நினைத்தோம். திரும்பி வந்தபோது விசேஷத்துக்குப் போடும் பாத்திக் சட்டை போட்டு, கறுப்புத் தொப்பி வைத்திருந்தார். பெரியவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்.

"ஆணி புடிச்சது நான்தாம்மா. முதலாளி முழுப் பாட்டையும் நாசம் பண்ணுன்னார். எனக்குக் கை வரல. பேருக்கு ஒரு கோடு போட்டேன். கெட்ட வரிய மட்டும் அழுத்தமா கீறிடலாம்னு நெனச்சேன். அது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியணும்ல? வச்சுக் கேட்டேன். சந்தேகமா இருந்துச்சு, திரும்பக் கேட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அதே வேலை."

"அப்ப அந்த வரி ஞாபகம் இருக்கா?"

"சொல்லுன்னா வராதும்மா." வெட்கப்பட்ட மாதிரி தலையைச் சொறிந்தார். "மீனுக்குத் தீனி போடறப்ப தானா வரும். என் வீட்டுக்காரி, என்ன பாட்டு இது பாதியில குரல் எறங்கிப் போவுதுன்னு கேப்பா."

"அப்ப தீனி போடுங்க," என்றார் வினார்ஸி.

பாத்திக் சட்டையோடு தீனித் தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிக் கரைக்குப் போனார். கை வீசியது. மீன்கள் சிவப்பும் வெள்ளையுமாக மேலே வந்து வாயைப் பிளந்தன. அவர் முதல் சரணத்திலிருந்து முணுமுணுத்தார். இரண்டு, மூன்று. ராராஸ் செல்பேசியை நீட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். மழை விட்டது, பானை தூங்கியது, அடுப்பும் தூங்கியது. அந்த இடத்தில் அவர் குரல் இறங்கிப் போனது. உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாப் பாடுங்க பாக்," என்றார் வினார்ஸி. "பாடினது நான். புடிச்சா என்னத்தான் புடிப்பாங்க."

கஸ்முரி இன்னொரு பிடித் தீனியை வீசினார். பாடினார்.

'கிடங்கப் பூட்டின பெரியவரே,
சாவிய வேக வச்சா சோறாகுமா?'

வினார்ஸி சிரித்தார். சிரித்துக்கொண்டே தொட்டியின் ஈரக் கரையில் உடுத்திய துணி நனைய உட்கார்ந்துவிட்டார். "ஆமா. இதுதான். இதேதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் என்ன தைரியம்னு சொன்னாங்க அப்ப. தைரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இருந்த சோத்தையெல்லாம் பொட்டலம் கட்டி நாலு பேருக்கும் குடுத்துட்டேன். அன்னைக்குக் காலையில நான் சாப்பிடல."

கஸ்முரி தலை குனிந்தே நின்றார். "கோவமாம்மா?"

"வரும்போது இருந்துச்சு," என்றார் வினார்ஸி. டெம்பே வறுவல் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். "மீனுக்குப் போட்டுடாதீங்க. உங்களுக்கு."

அந்த வரிகளை ராராஸ் வீட்டிலேயே பதிவு செய்தோம். ஹர்தோயோ பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கிக் கொண்டுவந்தார். அது உயிர் வர மறுத்து, பிறகு வந்தது. வினார்ஸி நின்றபடி பாடினார். 'பெரியவரே' என்ற இடத்தில் குரல் உடைந்தது.

"இன்னொரு தடவ எடுத்துடலாம் வின். சுருதி கொஞ்சம்…"

"வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் சுருதி சேர்ந்தா இருந்துச்சு? போதும்."

ராராஸ் இரண்டையும் இணைத்துப் போட்டுக் காட்டினாள். இருபத்தொரு வயதுக் குரல் அடுப்பும் தூங்குது என்று முடித்த இடத்தில் எழுபது தாண்டிய குரல் எழுந்து கிடங்கைப் பூட்டியவரைக் கேட்டது. நடுவில் ஒரு 'டக்' இருந்தது.

"அத எடுத்துடறேன் இபு. சுலபம்தான்."

"எடுக்காதே. அந்த இடத்துல ஒருத்தர் ஆணியோட நின்னாருன்னு தெரியணும். கேட்டுக்கிட்டு நின்னாருன்னும் தெரியணும்."

கையெழுத்துக்கான தாள்கள் சும்பர்ஸாரி வீட்டு வாசல் மேசையில், சாவிக் கொத்துகளுக்கு நடுவில் இருந்தன. வினார்ஸி கண்ணாடி போட்டுக்கொண்டு உறையில் அச்சாகப் போகும் பெயர்களைப் படித்தார். கிடார், டிரம்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. காலமான இருவரின் பெயர்களும் அவர்கள் வீட்டார் சொன்னபடி இருந்தன. பத்தாவது பாட்டுக்குக் கீழே அவர் பெயர்.

"இங்க ஒரு பேர் விட்டுப்போச்சு," என்றார். "கஸ்முரி."

"என்னன்னு போடறது இபு? பாடல் வரின்னா?"

"உள்ளத உள்ளபடி போடு. கிடார் ஹர்தோயோ. ஆணி கஸ்முரி."

கேட்காமல் போடுவது முறையல்ல என்று நான் கஸ்முரிக்குத் தொலைபேசி செய்து, செய்தியைச் சொல்லி, ஒலிபெருக்கியில் வைத்தேன். மறுமுனையில் தண்ணீர் சளசளக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் கேட்டார்:

"பேரெல்லாம் போட்டா… இப்பப் பரவாயில்லையா மாஸ்?"

வினார்ஸி தொலைபேசிப் பக்கம் குனிந்தார். "பரவாயில்ல பாக். வாசல் கேட் சாவி எங்கிட்டதான் இருக்கு. என்னத் தாண்டித்தான் வரணும்."

கஸ்முரி சிரிப்பது கேட்டது. போடுங்க என்றார்.

மாடியிலிருந்து ஒரு மாணவி இறங்கி வந்து, வினார்ஸி பேனாவைத் திறப்பதையும் ஹர்தோயோ கழுத்தை நீட்டிப் பார்ப்பதையும் பார்த்துவிட்டு, "என்ன இபு, வீட்ட விக்கறீங்களா?" என்றாள்.

"இல்ல," என்றார் வினார்ஸி. "பாட்டுக்குக் கையெழுத்து. என்னோடது." ஒரே இடத்தில், நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.